ஓட்டைக்குப் பக்கத்து வால்வு

எல்கடுவைப் பக்கத் தோட்டங்களில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை பார்க்கிறேன். இருதய ஓட்டையை அடைத்த பிள்ளை இருக்கிற லயத்துக்குப் போனால், முதலில் கிளினிக் கொப்பியைத்தான் கேட்பேன். கடைசி எக்கோ ஸ்கேனில் வால்வைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இருதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். பிறவியிலேயே அதில் பெரிய ஓட்டை இருந்தால், இடப்பக்க இரத்தம் வலப்பக்கம் பாய்ந்து நுரையீரலுக்கு மிதமிஞ்சிப் போகும். பால் குடிக்கும்போதே குழந்தைக்கு வியர்க்கும், மூச்சு வாங்கும், நிறை ஏறாது. சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும். மூடாதவற்றை அடைக்க முன்பு நெஞ்சைத் திறக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வைத்தியர் ஜேம்ஸ் லொக் குழுவினர், இரத்தக்குழாய் வழியே கதீட்டரைச் செலுத்தி அடைத்த அனுபவத்தை 1988இல் வெளியிட்டார்கள். இப்போது பயன்படுவது பெரும்பாலும் நிக்கல், டைட்டேனியம் கலந்த மெல்லிய கம்பியால் பின்னிய இரட்டைத் தட்டு. மடித்துக் குழாய்க்குள் தள்ளுவார்கள். வெளியே வந்ததும் விரிந்து, சட்டைப் பொத்தான் மாதிரிச் சுவரை இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும்.

சிக்கல், ஓட்டை இருக்கும் இடத்தில்தான். அதிகம் காணப்படும் வகை, பெருநாடி வால்வுக்குச் சற்றுக் கீழேயே இருக்கும். தட்டின் விளிம்பு வால்வின் மெல்லிய இதழில் உரசினால் இதழ் சரியாக மூடாது. போன இரத்தம் திரும்ப ஒழுகும். வலப்பக்கம் இருக்கும் மூவிதழ் வால்வின் நாண்களிலும் கம்பி சிக்கலாம். அதனால்தான் தட்டைக் கழற்றி விடுவதற்கு முன் எக்கோவில் பார்க்கிறார்கள். புதிதாக ஒழுக்கு தெரிந்தால் அப்படியே திரும்ப இழுத்துவிடலாம்.

இதைக் கேட்டுப் பயந்து, அடைக்கவே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். சிலவகை ஓட்டைகள், அடைக்காமல் விட்டாலும் பாய்கிற இரத்தத்தின் வேகத்திலேயே வால்வு இதழைக் கீழே இழுத்துவிடும். ஆசியப் பிள்ளைகளிடம் அந்த வகை கூடுதலாகக் காணப்படுகிறது.

ஓட்டையை அடைத்த என் பகுதிச் சிறுவன் ஒருவனின் கொப்பியில் முதல் வருடம் வால்வு ஒழுக்கு 'ட்ரிவியல்' என்று இருந்தது. அடுத்த வருடம் அதே வரியில் 'மைல்ட்'. இரண்டுமே சிறிய ஒழுக்குத்தான்; பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதற்கு மேல் போகாது. ஆனால் சிலருக்கு வருடக்கணக்கில் மெல்லக் கூடி, இடக் கீழறை பெருத்து, சத்திரசிகிச்சை வரை போகும். பிள்ளையின் ஓட்டத்தைப் பார்த்து அதை அறிய முடியாது. எக்கோ வேண்டும்.

"ஒரு நாள் கிளினிக் போனா ஒரு பேர் போயிருது மிஸ்" என்றார் அவன் தாய். பேர் என்றால் அன்றைய நாள் சம்பளம். அவர் சொல்வது உண்மைதான். எல்கடுவையிலிருந்து மாத்தளைக்கு இறங்கி, கண்டி போய், கிளினிக் இருக்கிற பேராதனைக்குப் பஸ் மாறினால் பொழுதே போய்விடும். கிளினிக் கொப்பியைக் காட்டினால் அன்றைக்குப் பேர் போட வேண்டும் என்று தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், கிடைக்கும்வரை சொல்வேன்.

அடைத்து முதல் ஆறு மாதத்துக்குள் பல் பிடுங்க நேர்ந்தால், உள்ளே தட்டு இருப்பதைப் பல் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கிருமி தொற்றாமலிருக்க முன்கூட்டியே மருந்து தருவார். ஓட்டை முழுதாக அடைபடாவிட்டால் அதற்குப் பிறகும் சொல்ல வேண்டும். காய்ச்சல் விடாமல் அடித்தால் மீதியிருக்கிற அன்டிபயோட்டிக்கை எடுத்துக் கொடுக்காதீர்கள், முதலில் இரத்தம் சோதிக்க வேண்டும். பிள்ளை மயங்கி விழுந்தாலோ நாடி மெதுவாக அடித்தாலோ கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாது. தட்டு பக்கத்து மின்பாதையை அழுத்தியிருக்கலாம், அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.