அந்தமானில் ஒரு பெயரளவு ஆட்சி

அந்தமான் என்றவுடன் செல்லுலர் சிறையே நம் நினைவுக்கு வருகிறது. அச்சிறையில் வெள்ளையர் மட்டுமன்றி ஜப்பானியரும் நம்மவரை அடைத்து வதைத்தனர் என்பதைப் பலர் அறியார்.

1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. அந்தமானைக் காத்தல் இயலாதெனக் கண்ட பிரிட்டிஷார் தம் படையை அகற்றிக்கொண்டனர். ஆதலின், அம்மாதம் 23ஆம் நாள், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில் ஜப்பானியர் போரின்றியே கரையிறங்கினர். வெள்ளையர் ஆதிக்கம் ஒழிந்ததென மகிழ்ந்தோரும் உண்டு. அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒற்றர் என்ற ஐயம் ஒன்றே ஒருவரைச் சிறையிலிடப் போதுமானதாயிற்று.

1943 நவம்பரில் ஜப்பானியப் பிரதமர் தோஜோ, இத்தீவுகளை நேதாஜியின் தற்காலிக சர்க்காரிடம் ஒப்படைப்பதாக டோக்கியோவில் அறிவித்தார். டிசம்பர் 30 அன்று நேதாஜி போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். அந்தமானுக்கு ஷஹீத் என்றும், நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயர் சூட்டப்பெற்றது. அதே நாளில், இந்திய சுதந்திர லீக்கின் உள்ளூர்த் தலைவரான டாக்டர் திவான் சிங் ஜப்பானியரின் சிறையில் கிடந்தார். சித்திரவதைக்கு ஆளாகி, 1944 ஜனவரி 14 அன்று உயிர் நீத்தார். ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் ஒற்றரென்று சுட்டுக் கொல்லப்பட்டனர்.

பிப்ரவரியில் தலைமை ஆணையராக வந்தவர் தமிழர். ராணுவ மருத்துவரான லெப்டினன்ட் கர்னல் ஏ. டி. லோகநாதன். ஒப்படைத்தல் என்ற சொல்லின் உண்மைப் பொருள் அவருக்கு விரைவில் விளங்கிற்று. போலீஸ் அதிகாரத்தை ஜப்பானியர் விட்டுத்தர மறுத்தனர். அதுவின்றிப் பிற துறைகளை ஏற்பதில் பயனில்லையென லோகநாதனும் மறுத்தார். முடிவில் அவர் கைக்கு வந்தது கல்வித் துறை ஒன்றே! அவர் மறுத்தது நேர்மையான செயலே. ஆயினும் தீவு மக்களுக்கு அதனால் பாதுகாப்புக் கிட்டவில்லை. சில திங்களில் உடல் நலிந்து அவர் தீவை விட்டகன்றார். 1945இல் டில்லிச் செங்கோட்டை வழக்கில் சாட்சியளித்தபோது இந்நிலையை அவரே எடுத்துரைத்தார்.

பிற்பகுதியில் நேச நாட்டினர் கடல்வழியை அடைத்ததால் அரிசி அருகிற்று, பசி மிகுந்தது. உணவு விளைவிக்கலாமென்று கூறி, 1945 ஆகஸ்டில் ஜப்பானியர் நூற்றுக்கணக்கானோரைக் கப்பலேற்றி, ஆளில்லாத ஹாவ்லக் தீவருகே கடலில் இறக்கிவிட்டனர். பலர் நீரில் மாண்டனர்; கரை சேர்ந்தோரிற் பெரும்பாலார் பட்டினியால் மடிந்தனர்.

அம்மாதமே ஜப்பான் பணிந்துவிட்ட போதிலும், அந்தமானில் சரணாகதி நிகழ்ந்தது அக்டோபரில்தான். 116ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு தீவை மீட்டது. அத்துடன் கைதிகள் குடியிருப்பு முறையும் ஒழிக்கப்பட்டது. ஹாவ்லக் தீவுக்கு 2018இல் ஸ்வராஜ் தீவு எனப் பெயரிடப்பட்டுள்ளது.