ஆற்றுக்குடைவின் விளிம்பில் ஓவியர்

1540ஆம் ஆண்டிலே கார்சியா லோபெசு டி கார்தெனாசு என்னும் இசுப்பானியப் படைத்தலைவன், ஹோப்பி மக்கள் வழிகாட்ட, வட அமெரிக்காவின் வறண்ட மேட்டுநிலமொன்றைக் கடந்து சென்றான். பலநாட் பயணத்தின்பின் ஓரிடத்தில் நிலம் சடுதியாக முடிந்தது. வெகு ஆழத்தில் ஓர் ஆறு ஓடுவதை அவனுடைய கூட்டத்தார் கண்டனர். அதன் அகலம் ஆறடி இருக்குமென மதித்தனர். உடலுரம் மிக்க மூவர் இறங்கிப் பார்க்கப் புறப்பட்டனர். மூன்றிலொரு பங்கு ஆழம் இறங்கியதும் மேற்செல்ல இயலாது திரும்பினர். மேலிருந்து ஆளுயரமாகத் தோன்றிய பாறைகள் உண்மையில் செவில் நகரத்துப் பேராலயக் கோபுரத்தினும் உயர்ந்தவை என்று அவர்கள் கூறியதாக அப்பயணத்தின் வரலாறு சொல்கின்றது. அவர்கள் ஆறடி என்று மதித்த ஆற்றின் சராசரி அகலம் ஏறத்தாழ 300 அடி.

அவர்கள் கண்ட இடமே ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலறாடோ ஆறு அரித்து உண்டாக்கிய மாபெரும் ஆற்றுக்குடைவு. கிராண்ட் கன்யன் என்று உலகம் அதனை அழைக்கும். அதன் நீளம் 277 மைல். ஆழம் ஏறத்தாழ ஒரு மைல். அகலம் சிலவிடங்களில் 18 மைல் வரை செல்லும். 1908இல் தேசிய நினைவிடமாகவும், 1919இல் தேசியப் பூங்காவாகவும் அது பிரகடனம் செய்யப்பட்டது. பயிற்சி பெற்ற போர்வீரர் கண்ணே ஏமாறிப்போன இவ்விடத்தில், ஒரு முழ அகலக் காகிதத்தோடு அமரும் ஓவியன் என்ன செய்ய முடியும்? நேயர்களே, வானொலியிற் படத்தைக் காட்ட இயலாது. ஆயினும் படம் உண்டாகும் வகையைச் சொல்லலாம்.

இக்குடைவினுள் இறங்கி அதை முதன்முதலில் வரைந்தவர்கள், 1858இல் ஐவ்சு என்னும் படை அதிகாரியோடு சென்ற இரு செருமானியர். அவர்களுள் எக்லொவ்சுற்றைன் என்பவர் நிலப்படம் வரைவதில் வல்லவர். ஆயினும் 1861இல் வெளியான பயண அறிக்கையில் அவர் வரைந்த படங்களைப் பார்ப்போர் வியப்படைவர். பரந்து விரிந்த படிக்கட்டுப் போன்ற அக்குடைவு, வானளாவிய சுவர்களுக்கு இடையே நெருங்கிய இருண்ட வெடிப்பாகக் காட்சி தருகின்றது. ஐரோப்பாவின் கூர்ங்கோபுரத் தேவாலயம் ஒன்றினுள் நின்று வரைந்தாற்போல் இருக்கும். அவர் பொய் வரைந்தார் என்று சொல்ல நான் விரும்பவில்லை. அதுவரை கண்ட உருவங்களைக் கொண்டே காணாததை அளந்தார், அவ்வளவே. அதிகாரி ஐவ்சோ, இது பயனற்ற இடம், தமக்குப்பின் எவரும் இங்கு வரப்போவதில்லை என்னும் கருத்துப்பட எழுதிவைத்தார். 2023ஆம் ஆண்டில் மட்டும் அங்கே சென்றவர் தொகை 47 இலட்சத்துக்கு மேல்.

அந்த மாற்றத்தில் ஓவியர்க்குப் பெரும்பங்கு உண்டு. இங்கிலாந்திற் பிறந்து இளமையிலேயே அமெரிக்கா சென்ற தொமசு மொறான் என்பவர், 1871இல் யெலோசுட்டோன் பள்ளத்தாக்கிலே தீட்டிய நீர்வண்ணப் படங்கள் அமெரிக்கப் பாராளுமன்றத்தாருக்குக் காட்டப்பட்டன. மறு ஆண்டிலேயே அப்பகுதி முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. 1873இல் கொலறாடோ ஆற்றை ஆராய்ந்த பவல் என்பாருடன் மொறான் கிராண்ட் கன்யனுக்குச் சென்றார். விளிம்பிலிருந்து குறிப்புப் படங்கள் வரைந்தார். கூடச்சென்ற ஹில்லர்சு எடுத்த ஒளிப்படங்களையும் துணைக்கொண்டார். பின்னர் தம் ஓவியக் கூடத்தில், 7 அடி உயரமும் 12 அடி அகலமும் கொண்ட எண்ணெய்வண்ண ஓவியமாக அதைத் தீட்டினார். 1874இல் பாராளுமன்றம் அதனை 10,000 டொலருக்கு வாங்கித் தன் மாளிகையில் மாட்டியது.

அந்த ஓவியத்திலுள்ள காட்சியை அவ்வாறே எந்த விளிம்பில் நின்றும் காண முடியாது. பலவிடத்துப் பாறைகளையும் மேகத்தையும் மழையையும் மொறான் ஒரு காட்சியாக இணைத்தார். இயற்கையை உள்ளவாறே படியெடுப்பதைத் தாம் மதிப்பதில்லை என்று அவரே வெளிப்படையாகக் கூறியவர். இடத்தின் உணர்ச்சியைக் கொடுப்பதே அவர் கருத்து. இதனைக் குறையென்று தள்ளுவோரும் உளர். நான் அவர்களோடு முற்றாக உடன்படேன். ஒரு மைல் ஆழத்தை ஏழடியில் அடக்குபவன் எதையேனும் விட்டே ஆகவேண்டும். எதை விட்டான் என்பதே கேள்வி. அதற்குப் பின்னர் வருவேன்.

மொறானுக்கு நேர்மாறானவர் வில்லியம் ஹென்றி ஹோம்சு. அவர் ஓவியரும் புவிச்சரிதவியலாளருமாவார். வடவிளிம்பிலே பொயின்ற் சப்லைம் என்னும் முனையிலிருந்து அவர் வரைந்த அகன்ற காட்சி, 1882இல் டற்றன் என்பாரின் ஆய்வு நூலுடன் வந்த நிலப்படத் தொகுதியில் மூன்று தாள்களாக அச்சாயிற்று. பாறையின் ஒவ்வொரு படையும் தன் இடத்தில், தன் தடிப்போடு, தொலைவிலுள்ள மூலைவரை தொடர்ந்து செல்வதை அதிற் காணலாம். அறிவியலுக்காக வரைந்த படமே. ஆயினும் அதன் அழகு பெரும் ஓவியங்கள் பலவற்றில் இல்லை.

ஹோம்சு அறிந்திருந்த உண்மை இன்றும் அங்கே வரையச் செல்வோர்க்கு முதற்பாடம். அக்குடைவின் சுவர் ஒரே பாறையன்று. உச்சியில் 27 கோடி ஆண்டுப் பழமையுள்ள வெளிறிய சுண்ணாம்புக்கல். அதன் கீழே பழங்காலப் பாலைவன மணற்குன்றுகள் இறுகி உண்டான பாலேட்டு நிற மணற்கல். அதற்கும் கீழே சிவந்த மாக்கற் சரிவுகள். பின்னர் 500 அடிக்குக் குறையாத செங்குத்தான செஞ்சுவர். அதன் கீழே பசுமை கலந்த சாம்பல் நிறச் சரிவு. அடியில், ஆற்றங்கரையில், ஏறத்தாழ 175 கோடி ஆண்டுப் பழமையான கரும்பாறை. வன்மையான பாறை செங்குத்தாக நிற்கும். மென்மையான பாறை சரிந்து கிடக்கும். ஆகவே சுவர் படிப்படியாக இறங்குகின்றது. இம்முறையை அறிந்தவன், எதிரே ஆயிரம் முகடுகள் குழம்பிக் கிடந்தாலும் அஞ்சான். செஞ்சுவரின் பட்டையை மட்டும் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்குத் தொடர்ந்து வரைந்து வந்தால், மற்றவை தாமே தம் இடத்தில் வந்து அமரும்.

செஞ்சுவரைப் பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. அச்சுண்ணாம்புக்கல் இயல்பிலே சாம்பல் நிறமானது. மேலேயுள்ள செம்பாறைகளிலிருந்து மழைநீர் கொண்டுவந்த இரும்பு ஒட்சைட்டு வழிந்து, அதன் முகத்தைச் சிவக்கச் செய்துள்ளது. ஆதலால் அச்சுவரில் நிறம் மேலிருந்து கீழாக வழியும். பாறை புதிதாக உடைந்து விழுந்த இடத்தில் சாம்பல் தெரியும். இதை அறியாதவன் சுவர் முழுவதும் ஒரே சிவப்பைப் பூசிவிடுவான். அறிந்தவன் தூரிகையை மேலிருந்து கீழே இழுப்பான். அவன் தட்டிலுள்ள மஞ்சட்காவியும் செங்காவியும் அதே இரும்பின் நிறங்களே.

இனி, காற்றும் ஒளியும். ஈரம் மிகுந்த நம் நாட்டிலே தூரத்து மலை வெளிறி நீலமாகின்றது. ஓவியன் தூரத்தைக் காட்ட அதையே நம்புகிறான். வறண்ட மேட்டுநிலத்தில், காற்றுத் தெளிந்த நாளில், பத்து மைலுக்கு அப்பாலுள்ள சுவரின் வெடிப்புகளும் கூர்மையாகத் தெரியும். தெரிவதையெல்லாம் வரைந்தால் பத்து மைல் பத்து முழமாகிவிடும். அதனால் அனுபவமுள்ளோர் தூரத்துச் செம்மையை ஊதாவை நோக்கித் தணித்து, கோடுகளைக் குறைக்கின்றனர். விளிம்பில் வளரும் முறுகிய சூனிப்பர் மரம் ஒன்றையோ, பாதையிற் செல்லும் கோவேறு கழுதை வரிசையையோ அருகில் வைப்பர். செவிற் கோபுரத்தை நினைத்த வீரர் செய்ததும் அதுதானே. அறிந்த பொருளொன்றை அளவுகோலாகக் கொண்டனர்.

நண்பகலில் அங்கே வரைவோர் குறைவு. தலைக்குமேல் நிற்கும் சூரியன் நிழலை அழித்துவிடுவதால் குடைவு தட்டையாகத் தோன்றும். காலையும் மாலையுமே உகந்த வேளைகள். ஆனால் அவ்வேளையில் நிழல் நிற்பதில்லை. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கின்றது. கூரிய முகடுகளின் நிழல், ஓவியன் வண்ணம் குழைக்கும்போதே ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கிவிடும். ஆகையால், அமர்ந்தவுடன் உள்ளங்கை அளவான கட்டத்தில் ஒளியும் இருளும் விழும் இடங்களைக் குறித்துக்கொள்ளுதல் வழக்கம். பிறகு நிழல் எங்கே சென்றாலும் அந்தக் குறிப்பையே பின்பற்றல் வேண்டும். நிழலைத் துரத்திச் செல்பவனுடைய படத்தில் சூரியன் இரண்டு மூன்று இடங்களில் நிற்கும்!

நிழலின் நிறமும் எங்கும் ஒன்றன்று. திறந்த விளிம்பில் வானத்தின் நீலம் அதில் விழும். ஒடுங்கிய குடைவிலோ எதிர்ச்சுவரில் பட்ட வெயில் திரும்பி வந்து, நிழலே நெருப்புப்போல் ஒளிரும். யூட்டா மாநிலத்திலுள்ள சயன் பூங்காவில் இதனை நன்கு காணலாம். அங்கே ஓவியன் விளிம்பில் நின்று கீழே பாராது, ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறான். 1903இல் டெலன்பா என்பவர் அங்கே தங்கித் தீட்டிய படங்கள், மறு ஆண்டு சென்ற் லூயிசு உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. இப்படியும் ஓரிடம் உண்டோ என்று பார்வையாளர் ஐயுற்றனராம். 1909இல் அப்பள்ளத்தாக்கு பாதுகாக்கப்பட்ட நினைவிடமாயிற்று. 1919இல் அதுவும் தேசியப் பூங்காவாயிற்று.

நீர்வண்ணக்காரரை வறட்சி வேறுவகையிலும் சோதிக்கும். தாளிற் பரப்பிய நீர் நொடியில் உலர்ந்து, விரும்பாத இடத்தில் கடின விளிம்பை உண்டாக்கும். தாளை முன்னரே நனைத்தும், சிறு பகுதிகளாக வேலைசெய்தும் இதைச் சமாளிப்பர். வெயில் நேரே விழும் வெண்தாள் கண்ணைக் கூசச்செய்வதால், நிறத்தை அளவுக்கு மீறி அடர்த்தியாகப் பூசிவிட நேரும். எனவே வெண்ணிறக் குடையோ நிழலோ வேண்டும். நிறக்குடை தாளின்மேல் தன் நிறத்தைச் சிந்தும். ஒருவர் நாளொன்றுக்கு ஒரு கலன் அளவு குடிநீர் கொண்டு செல்லவேண்டும். வண்ணம் கரைக்கும் நீர் அதற்குப் புறம்பானது.

இத்தனை இடர்களையும் ஏற்று, ஏறக்குறைய அங்கேயே வாழ்ந்து தீட்டியவர் குன்னார் விட்வோசு. சுவீடன் நாட்டிலே 1879இற் பிறந்த அவர், 1920களில் கிராண்ட் கன்யனுக்கு வந்தார். பெரும்பாலும் வெட்டவெளியிலேயே அமர்ந்து, மொறானைப்போல் பாறைகளை இடம் மாற்றாது, படை படையாக நீர்வண்ணத்தில் தீட்டினார். 1924இல் வாசிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் அவருடைய படங்கள் வைக்கப்பட்டபோது, அக்கூடத்தின் தலைவராக இருந்தவர் முன்னே நாம் கண்ட அதே ஹோம்சு. பாறையின் உண்மையை அறிந்த அம்முதியவர் அப்படங்களை மெச்சியதில் வியப்பில்லை. விட்வோசு 1934இல் அவ்விளிம்பிலேயே இறந்து, அங்குள்ள இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். வடவிளிம்பில் ஒரு முனை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இனி, எதை விட்டனர் என்னும் கேள்வி. மொறானின் பன்னிரண்டடி அகல ஓவியத்தில் ஒரு மனித உருவமேனும் இல்லை. அதைக் கண்டு பாராளுமன்றத்தார் வியந்த காலத்தில், அக்குடைவினுள்ளும் விளிம்பிலும் மக்கள் வாழ்ந்தனர். ஹவசுப்பாய் என்னும் மக்கள் கோடையில் கிளையாற்றங்கரையிலே சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு, மாரியில் மேட்டுநிலத்துக்கு ஏறி வேட்டையாடினர். 1882இல் அரசு அவர்களுக்கென ஒதுக்கிய நிலம் 518 ஏக்கர் மாத்திரமே. மேட்டுநிலம் முழுவதும் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. 1919இல் பூங்கா அமைந்தபோதும் அது திரும்பவில்லை. 1975இல் இயற்றிய சட்டமே ஏறத்தாழ 185,000 ஏக்கரை மீளக் கொடுத்தது. ஓவியம் ஒன்று நிலத்தைப் பறித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஆளில்லாப் பெருவெளி என்று ஒரு நாடு தன் நிலத்தை நினைத்துக்கொள்வதற்கு, ஆளில்லாத அழகிய படங்கள் துணைபோயின. பாறையை நகர்த்தியதை எளிதில் மன்னிக்கலாம். பயிர்செய்தோரைக் காணாமல் விட்டது அதனிலும் பெரிய விடுகை.

தென்விளிம்பிலிருந்து இறங்கும் பாதையில், நாலரை மைல் தொலைவில், ஊற்றுநீர் பாயும் சோலையொன்று உண்டு. ஹவசுப்பாய் மக்கள் பயிர்செய்த இடம் அது. நெடுங்காலம் வேறு பெயரால் வழங்கிய அவ்விடத்துக்கு, அம்மக்களின் வேண்டுகோளின்படி 2022இல் ஹவசுப்பாய்த் தோட்டம் என்று பெயர் மாற்றப்பட்டது. கொட்டன்வூட் மரங்கள் அங்கே நிழல் செய்கின்றன. சிவப்பையும் ஊதாவையும் குழைத்தே பழகிய ஓவியன், இங்கே தட்டிலே புதிதாகப் பச்சையைக் கலக்கவேண்டும். அப்பச்சை அருகிலுள்ள செம்பாறையால் இருமடங்கு ஒளிபெற்றுத் தோன்றும். திரும்பும் வழி ஏறத்தாழ 3000 அடி ஏற்றம். வண்ணங்கள் சிலவற்றில் கட்மியம், கோபால்ற்று முதலிய நச்சு உலோகங்கள் இருப்பதால், தூரிகை கழுவிய நீரை ஊற்றருகே கொட்டாது, போத்தலில் அடைத்து மேலே சுமந்து வருதல் வேண்டும்.