வழி உரிமை, வண்டி வாடகை!

அமெரிக்காவில் டிஸ்னி கம்பெனியார் நடத்திவரும் கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம் வாசகர்களில் சிலரே இருப்பர். கலிபோர்னியா மாகாணத்தில் அனஹைம் நகரில் 1955-ம் வருஷம் ஜூலை மாதத்தில் முதற்பூங்கா திறக்கப்பட்டது. ப்ளாரிடா மாகாணத்தில் ஆர்லாண்டோ நகருக்கு அருகே 1971-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அதனினும் பெரிய ஸ்தாபனம் தோன்றியது. அவற்றின் ராட்டினங்களையும் மாளிகைகளையும் வருணிப்பது நமது நோக்கமன்று. அவற்றின் வாயிலருகே நடைபெறும் ஒரு சிறு வியாபாரத்தைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம். நடக்க இயலாதவர்களுக்கும், சிறிது தூரமே நடக்கக் கூடியவர்களுக்கும், சக்கர நாற்காலியையும் மின்சார ஸ்கூட்டரையும் நாள் வாடகைக்கு விடும் வியாபாரம் அது. இதை அற்ப விஷயம் என்று ஒதுக்கலாகாது. ஒரு சமூகம் வலுக்குறைந்த தன் பிரஜைகளுக்கு எதை உரிமையாக ஒப்புக்கொண்டது, எதைச் சரக்காக விட்டுவைத்தது என்பதை இந்த வாடகைக் கொட்டகை தெளிவாகக் காட்டுகிறது.

ப்ளாரிடாவில் டிஸ்னியாரின் நிலம் ஏறக்குறைய 40 சதுர மைல் பரப்புள்ளது. அதில் நான்கு பெரிய பூங்காக்கள் இருக்கின்றன. 1982-ல் திறக்கப்பட்ட எப்காட் என்னும் பூங்காவில், ஒரு பெரிய நீர்நிலையைச் சுற்றிப் பதினொரு தேசங்களின் பெயரால் மண்டபங்கள் அமைத்திருக்கிறார்கள். அந்த நீர்நிலையை ஒருமுறை வலம் வருவதற்கே ஏறக்குறைய 1.2 மைல் நடக்க வேண்டும். வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து புறப்பட்டு, நாள் முழுவதும் சுற்றித் திரும்புகிறவன் பல மைல் தூரம் நடந்தே ஆக வேண்டும். வரிசைகளில் நிற்கும் நேரம் வேறு.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வீட்டில் கோலூன்றி நடமாடும் முதியவரும், கடைத்தெருவரையில் தம் காலாலேயே சென்று திரும்பும் முழங்கால் நோயாளியும், நாலடி ஏறினால் மூச்சு வாங்கும் இருதய நோயாளியும் தம் ஊரில் சக்கர நாற்காலி வைத்துக்கொள்வதில்லை. அங்கே அது அவர்களுக்குத் தேவையுமில்லை. பூங்காவின் வாயிலுக்குள் நுழைந்த பிறகே அவர்கள் நடக்க இயலாதவர்கள் ஆகிறார்கள். ஆகவே, அவர்களுடைய இயலாமையில் ஒரு பாதி உடலால் வந்தது. மறுபாதி பூங்காவை அமைத்தவர்கள் போட்ட வரைபடத்தால் வந்தது. நாம் சொல்லவிருக்கும் நியாயத்துக்கு இதுவே அஸ்திவாரம்.

வண்டியின் அமைப்பு எளிது. மூன்று அல்லது நான்கு சக்கரங்களும் ஒரு ஆசனமும் கொண்டது ஸ்கூட்டர். ஆசனத்தின் அடியில் மின்சாரப் பாட்டரிகள் இருக்கும். முன்னாலுள்ள கைப்பிடியில் ஒரு சிறு நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் வண்டி ஓடும். விரலை எடுத்தால் நின்றுவிடும். விரைந்து நடக்கும் மனிதனது வேகமே அதன் வேகம். மின்சாரச் சக்கர நாற்காலி என்பது வேறு. கையிலும் வலுவில்லாதவர்கள், ஆசனத்தின் கைச்சட்டத்திலுள்ள ஒரு குச்சியை விரல் நுனியால் அசைத்து அதைச் செலுத்துவார்கள். பூங்கா வாயிலில் கிடைப்பது கையால் தள்ளும் நாற்காலியும் ஸ்கூட்டரும்தான். மின்சார நாற்காலி வேண்டுவோர் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். இல்லையேல் வெளிக் கம்பெனிகளிடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். மிகுந்த கஷ்டமுள்ளவனுக்கே வாயிலில் உதவி குறைவு என்பது விசித்திரமானாலும் உண்மை.

இவ்வண்டிகள் தோன்றிய வரலாறும் அறியத்தக்கது. இரண்டாவது உலக யுத்தத்தில் கைகால் வலுவிழந்து திரும்பிய போர்வீரர்களுக்காக, கனடா தேசத்து ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த ஜார்ஜ் க்ளைன் என்னும் எஞ்சினீயர் மின்சார நாற்காலியை உருவாக்கினார். 1968-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தைச் சேர்ந்த ஆலன் தீம் என்பவர், நரம்பு நோயால் நடை தளர்ந்த தம் குடும்பத்தார் ஒருவருக்காக, 'அமிகோ' என்னும் மின்சார ஸ்கூட்டரைச் செய்தார். முன்னதைச் செய்வித்தது போர்வீரர்களுக்குத் தேசம் பட்ட கடன். பின்னதைச் செய்வித்தது குடும்பத்தின் அன்பு. வாடகைக் கணக்கு அவ்விரண்டுக்கும் பின்னரே வந்தது.

நிற்க. வண்டி இருந்தால் மட்டும் போதுமா? வண்டி செல்ல வழி வேண்டும். அந்த வழியை அமெரிக்கர் யாரிடமிருந்தும் தானமாகப் பெறவில்லை, போராடியே பெற்றார்கள். சர்க்கார் பணம் பெறும் ஸ்தாபனங்களில் ஊனத்தைக் காரணமாகக் கொண்டு யாரையும் விலக்கலாகாது என்று 1973-ல் ஒரு சட்டப் பிரிவு இயற்றப்பட்டது. அதை அமலுக்குக் கொணரும் விதிகளை வெளியிடாமல் அதிகாரிகள் காலம் தாழ்த்தினர். 1977-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், சான் பிரான்ஸிஸ்கோ நகரில் நூற்றுக்கும் மேற்பட்டோர், அவர்களிற் பலர் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், சர்க்கார் கட்டிடம் ஒன்றினுள் புகுந்து மூன்று வாரங்களுக்கும் மேலாக வெளியேற மறுத்தனர். ஜூடி ஹ்யூமன் என்னும் மாது அவர்களுக்குத் தலைமை வகித்தவர்களில் ஒருவர். இளம்பிள்ளை வாதத்தால் நடை இழந்த அவருக்கு முன்பு நியூயார்க்கில் உபாத்தியாயினி உத்தியோகம் மறுக்கப்பட்டிருந்தது. தீ விபத்து நேர்ந்தால் அவரால் வெளியேற முடியாது என்பது அதிகாரிகள் கூறிய காரணம். போராட்டத்தின் முடிவில் விதிகள் வெளிவந்தன. பிறகு 1990-ம் வருஷம் மார்ச்சு 12-ந் தேதி, வாஷிங்டனில் சட்டசபைக் கட்டிடத்தின் படிக்கட்டின் முன்னே பலர் தம் நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் விட்டுவிட்டு, படிப்படியாகத் தவழ்ந்து மேலேறினர். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவர்களுள் இருந்தாள். அவ்வருஷம் ஜூலை 26-ந் தேதி, ஊனமுற்ற அமெரிக்கர் சட்டம் ஜனாதிபதியின் கையெழுத்தைப் பெற்றது. சத்தியாக்கிரகத்தின் பொருளறிந்த நம் ஜனங்களுக்கு இந்த வரலாற்றின் மகிமையை விளக்க வேண்டுவதில்லை.

அச்சட்டத்தின்கீழ் ஏற்பட்ட விதிகள் தனியார் நடத்தும் பூங்காக்களையும் கட்டுப்படுத்துகின்றன. ஜனங்கள் நடந்து செல்லும் இடமெங்கும் சக்கர நாற்காலி செல்லலாம். நாற்காலியில் வருபவரிடம் உமக்கு என்ன வியாதி, எவ்வளவு ஊனம் என்று விசாரிக்கக் கூடாது. சாய்தளம் முதலிய வசதிகளைச் செய்ததற்காக அவர்களிடம் தனிக் கட்டணம் வசூலிக்கக் கூடாது. ஆனால், இதே விதிகளில் மற்றொரு பிரிவு இருக்கிறது: சக்கர நாற்காலி போன்ற சொந்த உபயோகச் சாதனங்களை வாடிக்கைக்காரருக்கு அளிக்கும் கடமை ஸ்தாபனத்தாருக்கு இல்லை என்கிறது அது. வழி உரிமையாயிற்று; வண்டி வியாபாரமாயிற்று. சாமி வரம் கொடுத்தும் பூசாரி இடங்கொடாத கதைதான்.

அந்த வியாபாரத்தின் நிபந்தனைகளைப் பார்ப்போம். ப்ளாரிடாப் பூங்காக்களில் ஸ்கூட்டருக்கு நாளொன்றுக்கு 50 டாலர் வாடகையும், திரும்பக் கொடுக்கப்படும் முன்பணம் 20 டாலரும் பல வருஷங்கள் வசூலித்து வந்தனர். நுழைவு டிக்கெட்டின் விலை இதில் சேராது. வண்டிகளின் எண்ணிக்கைக்கு எல்லையுண்டு. முன்கூட்டிப் பதிவு செய்துகொள்ள முடியாது. முதலில் வந்தவருக்கே வண்டி. எடுத்த வண்டியைப் பூங்காவுக்கு வெளியே கொண்டுபோகவும் கூடாது. ஆகவே வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து வாயில்வரை வருவதற்கு அது உதவாது. விரைந்து நடக்கக் கூடியவனுக்கு விரைவில் வண்டி கிடைக்கும். மெதுவாக நடப்பவன் போய்ச் சேருவதற்குள் வண்டிகள் தீர்ந்து போகலாம்! இந்தச் சங்கடத்தினாலேயே பூங்காக்களைச் சுற்றி வாடகைக் கம்பெனிகள் பல தோன்றி, ஹோட்டலுக்கே வண்டியைக் கொண்டுவந்து கொடுக்கின்றன. பல நாட்களுக்குச் சேர்த்து எடுத்தால் அவர்களிடம் செலவும் குறைவு. ஆயினும் அது விவரமறிந்து முன்னேற்பாடு செய்பவருக்குத்தான் உதவும்.

சிலர் ஆக்ஷேபிக்கலாம். வண்டிக்கு விலையுண்டு, பாட்டரி தேயும், பழுதுபார்க்க ஆட்கள் வேண்டும், இவற்றையெல்லாம் யார் கொடுப்பது என்று கேட்கலாம். பூங்காவின் விளக்குக்கும், குடிநீருக்கும், கழிவறைக்கும் யார் கொடுக்கிறார்களோ அவர்களே கொடுக்கலாம் என்பது நமது விடை. அச்செலவுகளை டிக்கெட்டு வாங்கும் அனைவரும் சிறுகச் சிறுகப் பகிர்ந்துகொள்கிறார்கள். இதை மட்டும் தேவைப்பட்டவன் தலையிலேயே சுமத்துவானேன்? பல மைல் நடக்கும்படி இடத்தை அமைத்து, அதற்கு டிக்கெட்டும் விற்றபிறகு நாற்காலிக்குக் கணக்குப் பார்ப்பது, யானையை விற்றவன் அங்குசத்துக்கு வாதாடுவது போலாகும்.

இலவசமென்றால் சோம்பேறிகள் ஏறிக்கொள்வார்கள் என்பது இரண்டாவது ஆக்ஷேபம். வண்டியிலிருந்து எழுந்து நாலடி நடக்கும் மனிதரைக் கண்டு, இவர் வேஷக்காரர் என்று முணுமுணுப்போர் அங்கே உண்டு. நடக்க முடிவது வேறு, நாள் முழுவதும் நடக்க முடிவது வேறு என்பதை அவர்கள் அறியார். இருதய நோயும் நரம்பு நோயும் வெளியே தெரிவதில்லை. வண்டியில் ஏறினால் வரிசையில் முன்னே செல்லலாம் என்பதும் பெரும்பாலும் தவறான எண்ணமே. ப்ளாரிடாவில் பெரும்பான்மையான வரிசைகள் வண்டி செல்லும் அகலமுள்ளவை. ஆகவே வண்டியில் இருப்பவரும் மற்றவரோடு அதே வரிசையில் காத்திருக்கிறார். மோசடி நடந்ததே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. நியூயார்க் செல்வர் சிலர், வரிசையைத் தாண்டுவதற்காக ஊனமுற்ற வழிகாட்டிகளைக் கூலிக்கு அமர்த்தியதாக 2013-ல் பத்திரிகைச் செய்தி வந்தது. அவ்வருஷமே டிஸ்னியார் தம் ஏற்பாட்டை மாற்றினர். பணபலமுள்ளவர் செய்த குற்றத்துக்காக முழங்கால் வலியுள்ளவரைச் சந்தேகிப்பது எந்த நியாயம்?

நியாயஸ்தலங்களும் இவ்விஷயத்தை ஆராய்ந்திருக்கின்றன. தசைநோயுள்ள ஒரு மாது, நின்றபடி ஓட்டும் இரு சக்கர 'செக்வே' வண்டியில் கலிபோர்னியாப் பூங்காவுக்குள் செல்ல அனுமதி கேட்டார். உட்கார்ந்து எழுவது அவருக்கு வேதனை. ஸ்கூட்டரிலோ நாற்காலியிலோ வரலாமே என்றனர் டிஸ்னியார். கீழ்க்கோர்ட்டு அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2012-ல் ஒன்பதாவது வட்டார அப்பீல் கோர்ட்டார் அத்தீர்ப்பை ரத்து செய்து, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பினர். எவ்விதத்திலேனும் உள்ளே வர முடிகிறதா என்று பார்த்தால் போதாது. மற்றவர் அடையும் அனுபவத்தை ஒத்த அனுபவம் இவருக்கும் கிடைக்க நியாயமான முயற்சி செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கொண்ட தத்துவம். உண்மையான அபாயமிருந்தால் வண்டியைத் தடுக்கலாம் என்பதையும் அவர்கள் மறுக்கவில்லை. ப்ளாரிடாவில் நடந்த மற்றொரு வழக்கு சமரசமாக முடிந்து, நின்று ஓட்டும் நான்கு சக்கர வண்டிகளை டிஸ்னியாரே வைக்கும்படி ஆயிற்று. அந்த வண்டிகளும் வாடகைக்குத்தான் என்பதைச் சொல்ல வேண்டுமா?

வேறு வழியில்லையா எனின், உண்டு. இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் நகரில் 1979-ல் 'ஷாப்மொபிலிடி' என்ற திட்டம் ஆரம்பமாயிற்று. கடைத்தெருவுக்கு வரும் நடைவலுக் குறைந்தோருக்கு நாற்காலியும் ஸ்கூட்டரும் இரவல் கொடுப்பது அதன் வேலை. பிறகு பல நகரங்களில் அது பரவியது. நகரசபைகளும் தர்ம ஸ்தாபனங்களும் கடைக்காரர்களும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றனர். சில ஊர்களில் இலவசம்; மற்றவற்றில் சிறு கட்டணம். இலவசம் என்பதற்காக ஊரிலுள்ள சோம்பேறிகளெல்லாம் ஸ்கூட்டரில் ஏறிவிடவில்லை. கடைத்தெருவுக்கு இயன்றது, கோடிக்கணக்கில் வருமானமுள்ள பூங்காவுக்கு இயலாது என்பதை நாம் ஏற்பதற்கில்லை.

இதில் நமக்கும் பாடமுண்டு. நம் பாராளுமன்றம் 2016-ல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சர்க்காரைப் போலவே தனியார் ஸ்தாபனங்களும் எல்லாரும் அணுகத்தக்க வகையில் சேவை அளிக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதன்கீழ் வந்த விதியொன்று கட்டாயத்தைக் கண்டிப்பில்லாத யோசனையாக்கிவிட்டது. அவ்விதி சட்டத்துக்கு முரணானது என்று சுப்ரீம் கோர்ட்டு 2024-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி தீர்ப்பளித்து, கட்டாய விதிகள் செய்யும்படி சர்க்காருக்கு உத்தரவிட்டது. நம் நாட்டிலும் பெரிய பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் எழும்பிவருகின்றன. சாய்தளத்துக்கு விதி செய்யும்போதே வண்டிக்கும் விதி செய்துவிட வேண்டும். டிக்கெட்டு விற்று நெடுந்தூரம் நடக்கவைக்கும் இடமெதுவானாலும், போதிய நாற்காலிகளையும் மின்சார வண்டிகளையும் தன் செலவில் வைத்திருக்க வேண்டும். அவற்றை முன்பதிவு செய்ய இடமிருக்க வேண்டும். முன்பணம் பெற்றுக்கொண்டு, திரும்பி வரும்போது கொடுத்துவிட வேண்டும். அமெரிக்கர் பாதி தூரம் சென்று நின்ற இடத்திலிருந்து நாம் புறப்படலாம். அவர்கள் நின்ற இடத்திலேயே நாமும் நிற்க வேண்டுமென்ற கட்டாயமில்லை.

பேரப்பிள்ளைகள் ராட்டினத்தில் ஏறிச் சிரிப்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டுமென்று பாட்டி ஆசைப்படுவது ஆடம்பரமன்று. குடும்பம் உள்ளே செல்ல, அவள் மட்டும் வாயிலருகே பெஞ்சியில் உட்கார்ந்து மாலைவரை காத்திருக்கும்படி விடுவது நாகரிகமும் அன்று. படிக்கட்டில் தவழ்ந்து ஏறியவர்கள் வழியை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். வண்டியையும் உரிமையாக்குவதே இனிச் செய்ய வேண்டிய வேலை.