தூக்க வேண்டாம், வழி தாருங்கள்

ஒரு நாள் வெளியே போய், நாலு இடம் பார்த்து, ஒரு கடையில் இருந்து சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவது பலருக்குச் சாதாரண விடயம். ஆனால் யுத்தத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த ஒரு பெண்ணுக்கு அது சாதாரணமா? வைத்தியசாலை, பிரதேச செயலகம், வங்கி எனத் தேவைக்காக மட்டுமே இப்பெண்கள் வெளியே கொண்டு செல்லப்படுகின்றனர். மனம் ஆறுவதற்காக அவர்கள் ஓரிடம் போய் வருவதைப் பற்றி நாம் பேசுவதே குறைவு. நிவாரணத்தில் அதற்கு இடமில்லை. குடும்பத்திலும் பெரும்பாலும் இடமில்லை.

அம்பாறைக் கரையோரத்தில் சமூகப் பணி செய்யும் எனக்குச் சக்கர நாற்காலியில் வாழும் பெண்கள் பலரைத் தெரியும். ஷெல் வீச்சில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள், கண்ணிவெடியில் கால்களை இழந்தவர்கள், 2004 டிசம்பர் 26 சுனாமியில் இடிந்த சுவருக்குள் அகப்பட்டவர்கள் என அவர்களுள் தமிழரும் உள்ளனர், முஸ்லிம்களும் உள்ளனர். "எங்கே போக ஆசை?" என்று கேட்டபோது அநேகமாக எல்லோரும் சொன்னது ஒன்றைத்தான்: கடலைப் பார்க்க வேண்டும்.

ஐம்பது வயதைக் கடந்த ஒரு ராத்தா சொன்னார்: "மகள், ராவெல்லாம் கடல் சத்தம் கேக்குது. சுனாமிக்குப் பிறகு நான் கடலக் கண்ணால காணல்ல." அவரது வீட்டிலிருந்து கடல் அரைக் கிலோமீற்றர் தூரம்கூட இல்லை.

இதன் பிறகே ஐந்து பெண்களாக ஒரு வேனில் மருதமுனையிலிருந்து ஒலுவில் வரை ஒரு நாள் போய் வந்தோம். ஐவரில் இருவர் சக்கர நாற்காலியில் இருந்தனர். அன்று கண்டதையும் அளந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரே வீதியில் எத்தனை ஊர்

எமது பகுதியின் பெரிய வசதி, பழைய ஊர்கள் எல்லாம் ஏ4 நெடுஞ்சாலையில் வரிசையாக அமைந்திருப்பதுதான். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என நிலம் மேடு பள்ளமின்றிச் சமதரையாகவே செல்கிறது. மலைநாட்டில் சக்கர நாற்காலிக்கு இந்த வாய்ப்பு இல்லை.

மருதமுனையின் பெயர் கைத்தறியால் பரவியது. நாங்கள் சென்ற வீட்டில் தறி முற்றத்துக் கொட்டிலில், நிலமட்டத்திலேயே இருந்தது. படி இல்லை. நெய்பவர் குழித்தறியில் காலை இறக்கி அமர்ந்திருந்தார். எமது சகோதரி நாற்காலியை அவரது பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நூலைத் தொட்டுப் பார்த்தார். நின்று பார்ப்பவர்களைவிட அவருக்கே எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் ஆலயம் தீமிதிப்புக்குப் பேர்போனது. திருவிழா நாட்களின் சன நெரிசலில் நாற்காலி அசையாது. சாதாரண நாளில், வெயில் ஏறுமுன் செல்வதே நல்லது.

கல்முனைக் கடற்கரைப் பள்ளி நாகூர் சாஹுல் ஹமீத் வலியுல்லாஹ்வின் நினைவாக அமைந்தது. ஜமாதுல் ஆகிர் மாதக் கொடியேற்றத்துக்குத் தூர இடங்களிலிருந்தும் மக்கள் வருவர். சுற்றிலும் கடல் மணல் என்பதால் நாற்காலியின் முன்சில்லுகள் புதைந்துவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. நாற்காலியைத் திருப்பிச் சற்றுப் பின்புறமாகச் சாய்த்து, பெரிய சில்லுகள் முன்னே செல்லும்படி பின்னோக்கி இழுத்துச் செல்ல வேண்டும். இரண்டு பெண்கள் போதும். இப்படித்தான் ராத்தாவைக் கடல் தெரியும் இடம் வரை கொண்டு சென்று திருப்பி வைத்தோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தண்ணி பழைய இடத்திலதான் நிக்குது" என்றார்.

காரைதீவு, 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். ஒலுவிலில் 1999இல் அமைக்கப்பட்ட வெளிச்சவீடு உள்ளது. மேலே ஏற முடியாவிட்டாலும் கீழிருந்தே கண்நிறையப் பார்க்கலாம். 1995இல் ஆரம்பமான தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இவ்வூரிலேயே இருக்கிறது.

சாப்பாட்டுக் கடை வாசலில்

இடங்களைப் பார்ப்பதைவிடக் கஷ்டமானது ஒரு நேரச் சாப்பாடு. மாரி வெள்ளத்துக்குப் பயந்து கடைகளின் தளத்தை உயர்த்தியே கட்டுகிறார்கள். வீதிக்கும் கடைக்கும் இடையில் வடிகான். அதன் மேல் உடைந்த கொங்கிரீட் மூடி. அதைக் கடந்தால் மூன்று படி. அதற்கும் மேல், பெண்கள் குடும்பத்தோடு இருந்து சாப்பிடும் பகுதி பல கடைகளில் மேல்மாடியில் இருக்கிறது. பெண்ணின் மறைவுக்காகச் செய்த ஏற்பாடுதான் அது. ஆனால் நடக்க முடியாத பெண்ணுக்கு அதுவே கதவை அடைத்துவிடுகிறது.

நாங்கள் முதலில் நிறுத்திய கடையில் வேலை செய்த இளைஞர்கள் நல்ல மனதோடு ஓடி வந்தார்கள். "நாங்க தூக்கி வைக்கிறம்" என்றார்கள். ராத்தா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "வேணாம் தம்பி" என்றார். வேனுக்குள் வந்ததும் என்னிடம் சொன்னார்: "நாலு ஆம்பிளைகள் தூக்கி இறக்க நான் என்ன நெல் மூட்டையா மகள்? என்னத் தூக்க வேணாம், வழியத் தாங்க."

இந்த வார்த்தையை நாம் ஆழமாகச் சிந்திக்க வேண்டும். தூக்கி வைப்பது உதவிதான். ஆனால் அது வசதி ஆகாது. அந்நிய ஆண்களின் கை படாமல், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சிப் பொருளாகாமல், தானே உள்ளே போய் வர ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு.

அடுத்து ஒரு சிறிய கடைக்குப் போனோம். ஒரே ஒரு படி. முதலாளி உள்ளே போய் ஒரு நீளப் பலகையைக் கொண்டு வந்து போட்டார். இரவில் மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்றுவதற்காக வைத்திருந்த பலகை அது! பின்னால் ஒருவர் தள்ள, இருவரும் தங்கள் நாற்காலியிலேயே உள்ளே போனார்கள். சோறும் மீன் கறியும், பிறகு தயிரும் சாப்பிட்டோம். எமது ஊர்களில் மோட்டார் சைக்கிளுக்குச் சாய்வு கட்டாத வீடு குறைவு. மனிசருக்கு ஒன்று கட்டுவது அவ்வளவு பெரிய வேலையா?

ஆனால் அங்கும் மலசலகூடம் பின்புறத்தில், ஒடுங்கிய கதவோடு, குந்தியிருக்கும் வகையாகவே இருந்தது. ராத்தா காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிய வந்தது. வெளியே போகும் நாட்களில் இப்படித் தாகத்தை அடக்கும் பெண்கள் பலர் உள்ளனர். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு இது சிறுநீர்த் தொற்றையும், நாளடைவில் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கக்கூடியது. ஆகவே மலசலகூடத்தைக் கேட்பது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல, உயிரோடு தொடர்புடையது.

சட்டம் எங்கள் பக்கம்

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லக்கூடிய கட்டிடத்துக்குள் செல்வதற்கு வலது குறைவைக் காரணம் காட்டித் தடை விதிக்கக் கூடாது என்கிறது. 2006 ஒக்டோபரில் அணுகு வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின. 1992இல் காரின் மேல் மரம் சரிந்து விழுந்து நடக்கும் சக்தியை இழந்த, முன்னாள் கிரிக்கெட் நடுவரான கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் சென்றார். புதிய பொதுக் கட்டிடங்கள், மலசலகூடங்கள் உட்பட, எல்லோரும் பயன்படுத்தக்கூடியவையாக இருக்க வேண்டும் என 2011 ஏப்ரல் 27இல் கட்டளை கிடைத்தது. 2016இல் இலங்கை ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது.

பழைய ஊர், பழைய கட்டிடம் என்பதும் காரணமாகாது. மக்காவில் சஃபா, மர்வாவுக்கு இடையில் சக்கர நாற்காலிக்கென்றே நடுவில் தனிப் பாதை உண்டு. ஹஜ், உம்றா சென்றவர்கள் கண்டிருப்பார்கள். இங்கிலாந்தில் உரோமர் காலத்து மதில் சூழ்ந்த செஸ்டர் நகரம், பழைமையைக் காத்தபடியே பாதைகளைச் சீராக்கி, 2017ஆம் ஆண்டுக்கான ஐரோப்பிய அணுகு நகர விருதைப் பெற்றது.

நாம் செய்யக்கூடியவை

* சாய்தளத்துக்குக் கணக்கு 1க்கு 12. படி 15 சென்ரிமீற்றர் உயரமானால் சாய்வு 180 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும். கதவு 90 சென்ரிமீற்றர் அகலம் இருந்தால் நல்லது.
* புறப்பட முன் ஒருவர் போய், அல்லது தொலைபேசியில், மூன்றைக் கேளுங்கள்: எத்தனை படி? கீழ்த்தளத்தில் பெண்கள் இருந்து சாப்பிட மறைவான இடம் உண்டா? கொமட் உண்டா?
* உறுதியான பலகை ஒன்றை வாகனத்தில் வைத்திருங்கள். சரிவு செங்குத்தானால் பின்னால் ஒருவர் கட்டாயம் பிடிக்க வேண்டும்.
* நெடுநேரம் இருப்பவர்கள் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது உடலை அசைத்து இருக்கையை மாற்றிக்கொள்ளுங்கள். படுக்கைப் புண்ணைத் தவிர்க்கலாம்.
* கடை முதலாளியோடு சண்டை பிடிக்காமல் பேசுங்கள். ஒரு சாய்வு கட்டினால் முதியவரும், பிள்ளைத்தாய்ச்சியும், கைக்குழந்தையோடு வருபவரும் உள்ளே வருவார்கள் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.
* மாதர் சங்கமாகச் சேர்ந்து உங்கள் ஊர்க் கடைகளையும் பார்க்கும் இடங்களையும் அளந்து ஒரு பட்டியல் தயாரியுங்கள். அதில் ஒரு பிரதியை உள்ளூராட்சி சபைக்கும், மற்றொன்றைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் எழுத்தில் கொடுங்கள்.

அந்தச் சிறிய கடைக்காரர் இப்போது படியோரத்தில் சீமெந்துச் சாய்வு ஒன்றைக் கட்டிவிட்டார். மலசலகூடக் கதவை மாற்றுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். சகோதரிகளே, உங்கள் ஊரில் அப்படி ஒரு கடை இருந்தால் அதன் பெயரை அயலவருக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால், அளவு நாடாவோடு முதலாவது வாசற்படியில் தொடங்குங்கள்.