கட்டுரைப் போட்டிக்கு உகந்த பொருள்

நவம்பர் 14 முதல் 20 வரை நடைபெறும் கூட்டுறவு வாரத்தில் மாணவர்க்குக் கட்டுரைப் போட்டி நடத்தும் சங்கங்கள், ஊரறியாத இளம் வீரரைப் பொருளாகத் தரவேண்டுமென விழைகிறோம்.

எழும்பூர்க் கோ-ஆப்டெக்ஸ் மாளிகை தாங்கும் பெயரால் தில்லையாடி வள்ளியம்மையை நெசவாளர் அறிவர். தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914-இல் 16 வயதில் மாண்டவர் அவர். அதே போராட்டத்தில், சாலைபோடும் கைதி முகாமின் குளிரில் நலிந்து, 1909 ஜூலை 6-இல் மாண்ட 18 வயது நாகப்பனை எத்தனை பேர் அறிவர்? காந்தியடிகள் எழுதிவைத்ததனாலன்றோ இவ்வளவேனும் அறிகிறோம்!

கொள்ளிட வெள்ளத்தில் பிறரைக் காக்கக் குதித்தவனையும், தந்தை நோயுற்றபின் தறிக்குழியில் இறங்கிக் குடும்பம் காக்கும் பெண்ணையும் யார் எழுதுவார்? மாணவர் அவர்களை நேரிற் கண்டு, இசைவு பெற்று, நாளும் இடமும் கேட்டு எழுதவேண்டும். சொல்லலங்காரத்திற்கு மதிப்பெண் வேண்டா. பரிசு, நம் தறியில் நெய்த வேட்டியோ சேலையோ ஆகலாம்.