மென்பொருள் இருக்கிறது, சொல்லித்தர ஆள்தான் வேண்டும்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். செயலியும், சில விதிவிலக்குகள் தவிர, 2017ஆம் ஆண்டின் பிற்பகுதிக்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். திரையிலோ விசைப்பலகையிலோ எந்தப் பழுதும் இல்லாத ஏராளமான கணினிகள் இதனால் கழித்துக்கட்ட வேண்டியவை ஆகிவிட்டன. அவற்றில் லினக்ஸ் மிண்ட், உபுண்டு போன்ற கட்டற்ற இயங்குதளத்தைக் காசில்லாமல் போட்டு இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம். இதைப் பலரும் எழுதியாகிவிட்டது, பேசியாகிவிட்டது. ஆனாலும் சாதாரண வீடுகளில் அது நடப்பதில்லை. மென்பொருளின் குறையால்தான் நடப்பதில்லை என்று நான் நினைக்கவில்லை. தடுமாறும் நேரத்தில் பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஆள் இல்லை, அதனால்தான்.

மென்பொருளைப் பற்றிய சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். யாரும் இயக்கலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமைகளோடு, அதாவது கட்டற்றதாக, மென்பொருள் இருக்க வேண்டும் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். இன்று கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போன் ஓடுவதும் அந்தக் கருநிரலின் மேல்தான். படம் பார்க்கும் விஎல்சி, இணையம் பார்க்கும் ஃபயர்ஃபாக்ஸ், கடிதமும் கணக்கும் போட உதவும் லிப்ரெஆஃபிஸ் எல்லாம் இந்த வழியில் வந்தவையே. தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸில் கிடைக்கிறது. பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்க முடியும் என்பதால், வன்தட்டில் இருப்பதைத் தொடாமலே வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். 4 ஜிபி நினைவகமும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால் அன்றாட வேலைக்குத் தாராளம். 2 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் இன்றைய இணையதளங்கள் திணறும். அங்கே லினக்ஸும் அற்புதம் செய்யாது.

இவ்வளவு இருந்தும் ஏன் பரவவில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் கொடுக்கப்பட்டன. தொடக்க காலத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பாஸ் நம் நாட்டிலேயே சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பாடநூலிலும் இடம் இருந்தது: 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் ஓபன்ஆஃபிஸ் பாடமாகவே வைக்கப்பட்டது. கருவி கையில், பாடம் புத்தகத்தில். ஆனால் வீட்டில் லினக்ஸ் மக்கர் செய்தால் மாணவன் யாரிடம் போவான்? தெருமுனையில் சர்வீஸ் செய்யும் கடைக்காரருக்குத் தெரிந்தது விண்டோஸ். 'ஃபார்மட் பண்ணி ஓஎஸ் போட்டுத் தருகிறேன்' என்று அவர் சொன்னால் அங்கேயே லினக்ஸின் கதை முடிந்தது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. தெரிந்ததை வைத்துத்தான் அவர் பிழைப்பு நடத்துகிறார்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் நடந்தது வேறு. அங்கே 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017இல் அத்திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமானது. உரிமக் கட்டணமாக ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சமானதாக அந்நிறுவனம் கணக்குச் சொல்கிறது. எனக்கு அந்தத் தொகையைவிட முக்கியமாகப் படுவது அவர்கள் வேலை செய்த முறை. பள்ளி ஆசிரியர்களிலிருந்தே சிலரை எடுத்துப் பயிற்றுநர்களாக்கினார்கள். அவர்கள் மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிக்குத் தேவையான மென்பொருள்களைத் தொகுத்து, மலையாளத்தில் பாடநூல் எழுதி, பொதுத்தேர்வின் செய்முறைப் பகுதியையும் அதிலேயே நடத்தினார்கள். 2018இல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்கள் வந்தன. பள்ளிக் கணினிகளைப் பராமரிக்கக் கற்ற அந்தப் பிள்ளைகள், பின்னர் தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்பும் சொல்லித்தந்தார்கள். சிக்கல் வந்தால் கேட்பதற்கு ஒவ்வொரு பள்ளியிலும் முகம் தெரிந்த ஒருவர் இருந்தார். நம்மிடம் இல்லாமல் போனது இதுதான்.

'விண்டோஸும் இங்கே இலவசமாகத்தானே கிடைக்கிறது' என்பார்கள். கடையில் போட்டுத் தரும் கிராக் பதிப்பைச் சொல்கிறார்கள். சட்டத்தை விடுங்கள், பாதுகாப்பை மட்டும் பாருங்கள். அந்த கிராக்கை ஏற்றுவதற்கே பெரும்பாலும் ஆன்ட்டிவைரஸை அணைக்க வேண்டியிருக்கிறது. பிறகு திருத்தங்கள் வராமல் தடுத்தும் வைக்கிறார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுக்கக் கணினிகளை முடக்கியபோது, அதைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் வெளியாகியிருந்தது. அடிபட்டவை அதை ஏற்றாத கணினிகள். அன்று விண்டோஸ் 7இல் நடந்தது, திருத்தம் நின்றுபோன விண்டோஸ் 10இல் நாளை நடக்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் இந்த ஆபத்தை வைத்துக்கொள்ளலாமா?

இன்னொரு மறுப்பு நியாயமானது. டேலி, ஃபோட்டோஷாப் போன்றவற்றை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு லினக்ஸ் நேரடி மாற்று ஆகாது. அவர்கள் விண்டோஸிலேயே இருக்கட்டும். நான் பேசுவது மின்னஞ்சல், யூடியூப், விண்ணப்பம் நிரப்புதல், பிள்ளைகளின் புராஜெக்ட் என்று இருக்கும் வீடுகளைப் பற்றி. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்ததையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். உண்மைதான். அங்கே அரசியலும் இருந்தது, ஊழியர்களின் குறைகளும் இருந்தன. ஆனால் நகராட்சிக்காக நடந்த ஆய்வே, தகவல் தொழில்நுட்பப் பிரிவுகள் சிதறிக் கிடந்ததைப் பெரிய சிக்கலாகக் காட்டியது. மாற்றிவிட்டால் போதாது, ஊழியருக்குக் கைகொடுக்கும் ஏற்பாடும் சரியாக இருக்க வேண்டும் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

இங்கே அந்த ஏற்பாட்டுக்குப் புதிதாகக் கட்டடம் எதுவும் கட்ட வேண்டாம். மாநிலத்தில் 4,000க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. பக்கத்துப் பாலிடெக்னிக் அல்லது ஐடிஐ மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்து, கணினியைக் கொண்டுவருபவர்களுக்கு உதவினால் போதும். கோப்புகளை முதலில் வேறு வன்தட்டில் நகலெடுத்துவைப்பது, பென்டிரைவில் ஓட்டிக் காட்டுவது, தமிழில் தட்டச்சு அமைத்துத் தருவது, அடுத்த மாதமும் அதே இடத்தில் இருப்பது. இந்தக் கடைசி வேலைதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். சர்வீஸ் கடைக்காரர்களையும் அழைத்துப் பழக்கலாம். உழைப்புக்கு அவர்கள் கூலி வாங்கினால் அதில் தவறேதும் இல்லை. கட்டற்ற மென்பொருள் அதைத் தடுக்கவில்லை. அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். லினக்ஸ் தெரிந்தவர்கள் தங்கள் தெருவில் இருக்கும் ஒரே ஒரு வீட்டுக்காவது பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள், மடிக்கணினியைப் பழைய இரும்புக்குப் போடுமுன் அப்படி ஒருவரைத் தேடிக் கேட்டுப்பாருங்கள்.