முடி நட்ட தலையும் முதல் பத்து நாட்களும்



பல்லவ நரசிம்மவர்மனும் சாளுக்கியப் புலிகேசியும் பொருத களங்களுள் ஒன்றாக வரலாற்று நூல்களில் இடம்பெற்ற ஊர் எங்கள் மணிமங்கலம். இன்று அதனைச் சூழ்ந்து நிற்பவை தொழிற்சாலைகள். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்டு வண்டிகளில் செல்லும் இளைஞர்களில் நம் சமுதாயப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுள் ஒருவர், ஒரு நாள் மஃரிபுக்குப் பின் என்னைத் தேடி வந்தார். தலையில் தளர்வான துணித்தொப்பி. நெற்றி வீங்கிக் கண்ணிமைகள் வரை தடித்திருந்தது. பள்ளிவாசலுக்குள் நுழையாமல் வெளித் திண்ணையிலேயே நின்றுகொண்டார்.

"ஹஜ்ரத், முடி நட்டுக்கொண்டேன். இன்றோடு மூன்று நாள். குனியக்கூடாது, தலையில் தண்ணீர் படக்கூடாது என்கிறார்கள். உளூ இல்லை, தொழுகையும் இல்லை. பத்து நாள் கழித்து எல்லாவற்றையும் சேர்த்துக் களாச் செய்துவிடலாமா?" என்று கேட்டார்.

அவரிடம் மருத்துவமனையில் கொடுத்த தாள் ஒன்று இருந்தது. முழுவதும் ஆங்கிலம். வீட்டில் எவரும் அதைப் படிக்கவில்லை. விளைவு என்னவென்றால், மகனின் தலையில் பொருக்குக் கட்டியிருப்பதைக் கண்டு மனம் பொறாத தாயார், நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்துத் தடவ எடுத்துவந்துவிட்டார். தற்செயலாக வந்த உறவினர் ஒருவர் தடுத்திராவிட்டால் செலவழித்த பணமும் பட்ட வேதனையும் வீணாகியிருக்கும். ஒரு பக்கம் தொழுகை, மறுபக்கம் காயம். இரண்டைப் பற்றியும் முன்கூட்டி எவரிடமும் கேட்காமலேயே அந்தப் பிள்ளை சிகிச்சைக்குச் சென்று வந்திருந்தார். அதனாலேயே இக்கட்டுரை.

நான் மருத்துவன் அல்லன். அந்தத் தாளில் இருந்ததையும், இத்துறை மருத்துவர்கள் பொதுவாக வலியுறுத்துவதையும், ஃபிக்ஹு நூல்கள் கூறுவதையும் ஒன்றாக வைத்து எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

'இது மார்க்கத்தில் கூடுமா?' என்ற கேள்வி உடனே எழும். பிறர் முடியைத் தம் முடியோடு ஒட்டவைப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். இதுவோ ஒருவரின் பிடரியில் அல்லாஹ் முளைக்கச் செய்த முடியை வேரோடு எடுத்து அவர் உச்சியிலேயே நடுவது. 2007ஆம் ஆண்டு மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, உதிர்ந்த முடிக்குப் பதிலாக முடி நடுவதை, பின்னர் ஏற்பட்ட குறையைச் சீர்செய்யும் சிகிச்சைகளுள் ஒன்றாகக் கருதி அனுமதித்தது. ஆனால் பெண் பார்க்கச் செல்லும் வேளையில் அதை மறைத்து ஏமாற்றுவது வேறு விஷயம். அதற்கு எந்த ஆலிமும் இடம் தரமாட்டார்.

இனி, அந்தத் தலைக்குள் நடப்பது என்னவென்று பார்ப்போம். மணிமங்கலம் ஏரிப் பாசனத்தில் நடவு கண்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பிடரி, நாற்றங்கால். அங்குள்ள மயிர்க்கால்களை மருத்துவர் ஒவ்வொன்றாக நுண்கருவியால் எடுப்பார். அல்லது தோலை ஒரு பட்டையாக அறுத்தெடுத்துத் தையலிட்டுப் பின் பிரிப்பார். வழுக்கை விழுந்த இடத்தில் ஊசிமுனை அளவுக்குக் கீறி அவற்றைச் செருகுவார். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான நாற்றுகள்! நட்ட அன்று மாலை வயலில் மாடு இறங்கினால் என்னவாகும்? நட்ட மயிர்க்காலும் அப்படியே. முதல் இரண்டு மூன்று நாட்களில் விரல் உரசினாலே பெயர்ந்துவரும். ஐந்தாறு நாட்களில் ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஒன்பது, பத்து நாட்கள் சென்றபின் இழுத்தாலும் வராத அளவுக்கு உறுதியாகும். ஆக, பேணவேண்டிய காலம் ஏறத்தாழ பத்தே நாட்கள்தாம்.

அந்த நாட்களில் தலையை உயர்த்தி வைத்துத்தான் உறங்கவேண்டும். இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்த நிலையில், மல்லாந்து, நான்கைந்து இரவுகளாவது. குப்புறப் படுத்தல் கூடவே கூடாது. கழுத்துக்கு ஒரு வளைந்த தலையணை வைத்தால் தலை புரளாது. நெற்றி வீக்கத்தைக் கண்டு வீட்டார் பதறுவார்கள். மரத்துப்போக ஊசி வழியே செலுத்திய மருந்துநீர் கீழிறங்குவதால் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வருவது அது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே வடிந்துவிடும். குனிந்தால் கூடும். மருத்துவர் கொடுத்த உப்புக் கரைசலை, விழித்திருக்கும் வேளையில் அவர் குறித்த இடைவெளிப்படி, தொடாமல் மெல்லத் தெளித்துவரவேண்டும். நடப்பட்ட இடம் காய்ந்துபோகாமல் இருப்பதற்கே அது.

தலை கழுவுவது எப்போது என்பதை மருத்துவரே சொல்வார். சிலர் மறுநாளே தம் மருத்துவமனைக்கு வரச்சொல்லிக் கழுவிவிடுகின்றனர், சிலர் மூன்று நாள் பொறுக்கச் சொல்கின்றனர். முறை ஒன்றுதான். குழந்தைகளுக்கான மென்மையான ஷாம்பூவை ஒரு கிண்ணத்து நீரில் நுரைக்கவைத்து, நுரையைத் தலையில் வைத்துச் சிறிது பொறுத்து, வெதுவெதுப்பான நீரைக் குவளையால் மெல்ல ஊற்றவேண்டும். பீய்ச்சும் ஷவர் ஆகாது. நகம் படக்கூடாது. துண்டால் துவட்டாமல் ஒற்றி எடுக்கவேண்டும். தொட்டியில் நாட்பட்டுக் கிடந்த நீரைத் தவிர்த்து, சுத்தமான நீரைப் பயன்படுத்துங்கள். பொருக்குகள் ஏழிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் ஊறித் தாமே உதிரும். அரிக்கும், சொறியத் தூண்டும். பொருக்கைப் பெயர்த்தால் அதனோடு மயிர்க்காலும் வந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய், வெந்தயம், செம்பருத்தி, மருதாணி ஆகிய எதுவும் மருத்துவர் சொல்லும்வரை அந்தத் தலைக்கு வேண்டாம். பாட்டி வைத்தியத்தை நான் இகழவில்லை. ஆனால் அது திறந்த காயத்துக்கு உரியதன்று. கைக்குழந்தை உள்ள வீட்டில் குழந்தையைத் தோளில் தூக்குவதையும் பத்து நாள் நிறுத்திவைக்கவேண்டும். பிஞ்சுக் கைக்கு முதலில் அகப்படுவது தலைமுடிதான்.

உடை விஷயத்தில் நம்மவர்களுக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. ஜிப்பாவும் பனியனும் தலைவழியே கழற்றப்படுபவை. அந்நாட்களில் முன்புறம் பொத்தான் வைத்த சட்டையே ஏற்றது. நூலால் பின்னிய வலைத்தொப்பியின் கண்ணிகள் பொருக்கில் மாட்டிக்கொள்ளும். தொப்பியின்றித் தொழுதாலும் தொழுகை நிறைவேறிவிடும்.

தொழிற்சாலைப் பணியாளர்கள் விடுப்பைக் கணக்கிட்டுச் சிகிச்சைக்குச் செல்வது நலம். தூசும் வியர்வையும் நிறைந்த இடத்தில் இறுக்கமான பாதுகாப்புத் தலைக்கவசத்தைப் புதுக் காயத்தின்மேல் அணிவது கேடு. அதை அணியாமல் இயந்திரத்தருகே நிற்பது அதைவிடப் பெரிய கேடு. இருசக்கர வாகனமும் அவ்வாறே. 'தலையில் காயம்' என்று சொல்லி ஹெல்மெட் இன்றி வண்டலூர் சாலையில் செல்வதைக் காட்டிலும், அந்த இரண்டு வாரங்களுக்குப் பேருந்தில் செல்லலாம். கனமான பொருளைத் தூக்குவதும் உடற்பயிற்சியும் இரண்டு வாரங்களுக்கு வேண்டாம்; வெயில் நேரே படுவதைச் சில மாதங்கள் தவிர்க்கவேண்டும். புகைப்பவர்கள் கட்டாயம் நிறுத்தவேண்டும். புகை இரத்த நாளங்களைச் சுருக்குகிறது. நட்ட வேருக்கு உயிர்தருவது அந்த இரத்த ஓட்டமே.

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். அண்ணலார் காலத்தில் ஒரு பயணத்தின்போது தோழர் ஒருவரின் தலையில் கல் பட்டுக் காயமாயிற்று. அன்றிரவு அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்முமுக்குச் சலுகை உண்டா என உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கையில் சலுகை இல்லை என்றனர் அவர்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியதும் பெருமானார் (ஸல்) அவர்கள் மிக வருந்தினார்கள். அவர்களே அவரைக் கொன்றுவிட்டனர் என்றும், அறியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டாமா என்றும் கடிந்துரைத்தார்கள். இச்செய்தியை ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூத் பதிவுசெய்துள்ளார்கள். தலைக்காயத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள இந்தச் சிக்கல் நமக்குப் புதியதன்று, வாசகர்களே!

உளூவில் தலையைத் தடவுவதற்கு, ஷாஃபி மத்ஹபில் தலையின் எல்லைக்குள் ஒரு சிறு பகுதி ஈரமானாலே போதும். காதுக்கு மேலே காயம் படாத இடத்தை ஒற்றை விரலால் தொடலாம். ஹனஃபி மத்ஹபில் நான்கில் ஒரு பங்கு வேண்டும். நலமான பகுதி அந்த அளவு இருந்தால் அங்கே தடவவேண்டும். தடவுவதே தீங்கு என மருத்துவர் கூறினால் சட்டம் தளர்கிறது. கை, கால், முகம் கழுவுவதற்கு எந்தத் தடையும் இல்லையே! பின் எப்படி 'உளூ இல்லை' என்பது?

குளிப்புக் கடமையானால், ஷாஃபிகள் நலமான உடல் முழுவதையும் கழுவி, காயமுற்ற பகுதிக்காகத் தயம்மும் செய்வர். ஹனஃபிகள் மற்ற பகுதியைக் கழுவித் தலையை ஈரக்கையால் தடவுவர், அதுவும் தீங்கு தருமெனில் விட்டுவிடுவர், தயம்முமைச் சேர்ப்பதில்லை. மருத்துவர் நீர் ஊற்ற அனுமதித்தபின் மெல்ல ஊற்றினாலே கடமை தீரும். தேய்ப்பது இவ்விரு மத்ஹபுகளிலும் கடமையன்று. வெள்ளிக்கிழமைக் குளிப்போ சுன்னத்து. அந்த ஒரு வாரம் விட்டதற்காக எவரும் கலங்கவேண்டியதில்லை. பிடரிக் காயத்திலிருந்து இரத்தம் வழிந்தோடினால் ஹனஃபிகளுக்கு உளூ முறியும் என்பதை மட்டும் கவனத்தில் வைக்கவேண்டும்.

ஸுஜூதுதான் மிகவும் அஞ்சப்படுவது. தலை தாழ்ந்தால் வீக்கமும் இரத்தக் கசிவும் கூடும். முன்வரிசை நாற்றுகள் தரையில் உரசவும் கூடும். மூலநோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழ இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் படுத்தும் தொழுமாறு பெருமானார் கூறியதை புகாரியில் காண்கிறோம். எனவே மருத்துவர் தடுத்திருக்கும் நாட்களில் சைகையால் தொழலாம். ருகூஉக்குச் சற்றே சாய்ந்து, ஸுஜூதுக்கு அதைவிடச் சிறிது அதிகம் சாய்ந்தால் போதும். நேரம் தவறக்கூடாது, களாவுக்குத் தள்ளிவைக்க இடமில்லை. நான் இதைச் சொன்னதும் அந்த இளைஞர் திண்ணையிலிருந்து எழுந்து ஹவ்ளுக்குச் சென்றார். அன்று மஃரிபையும் முந்திய தொழுகைகளையும் கடைசி வரிசை நாற்காலியில் அமர்ந்து நிறைவேற்றிவிட்டு, இஷாவுக்கும் இருந்துவிட்டே போனார்.

ஆனால் எல்லாத் தலைகளும் இவர் தலையைப் போல் நல்லவிதமாக ஆறிவிடுவதில்லை. 2016 மே மாதம் சென்னையில், மருத்துவம் பயின்றுவந்த 22 வயது மாணவர் ஒருவர், முடி நடும் சிகிச்சைக்குச் சென்று இரண்டு நாட்களில் உயிரிழந்தார். அந்நிலையம் அழகு நிலையத்துக்கான உரிமத்தோடு இயங்கிவந்தது பின்னர் தெரியவந்தது. 2021இல் தில்லியில் நம் சமுதாயத்தைச் சேர்ந்த 30 வயது இளைஞர், குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட்ட ஒரே பிள்ளை, சிகிச்சைக்குப்பின் கிருமித்தொற்று இரத்தத்தில் பரவிச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், முறையான பயிற்சி பெற்ற பதிவுபெற்ற மருத்துவர்களே இதைச் செய்யவேண்டும், யூடியூபில் பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என அறிவித்தது. அப்படியும் ஓர் அறிவிப்பு தேவைப்பட்டதே என்று எண்ணிப் பாருங்கள்!

ஆகவே, காய்ச்சல் அடித்தாலோ, மூன்றாம் நாளுக்குப்பின் வலி குறையாமல் கூடினாலோ, சீழோ துர்நாற்றமோ தென்பட்டாலோ, தோல் கறுத்துவந்தாலோ, மூச்சுத்திணறினாலோ, 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருக்காதீர்கள். நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முடி நட்ட நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, அவர்கள் சொல்லும் ஆறுதலோடு நின்றுவிடாதீர்கள். எழுதித்தந்த மாத்திரைகளைப் பாதியில் நிறுத்துவதும், மருந்துக்கடையில் கேட்டு வேறு மாத்திரை வாங்குவதும் ஆபத்து. இதற்காகவே ரமலானில் இச்சிகிச்சையை வைத்துக்கொள்ளாதிருப்பது நல்லது. உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ செல்ல இருப்பவர்களும் நாளைக் கணக்கிட்டுக்கொள்ளட்டும். தலை மழிப்பதற்குப் பதிலாக ஆண்களும் முடியைக் குறைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

அந்த இளைஞர் ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்து மீண்டும் வந்தார். இம்முறை கண் கலங்கியிருந்தது. நட்ட முடியெல்லாம் தலையணையில் உதிர்ந்து கிடக்கிறது, ஏமாந்துவிட்டேன் என்றார். அவரது தாளின் கடைசிப் பத்தியை அவருக்கே வாசித்துக் காட்டினேன். இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு மாதங்களுக்குள் நட்ட முடி உதிரவே செய்யும். வேர் உள்ளேயே இருக்கும். நடவு வயலும் முதலில் மஞ்சளித்துத்தானே பின்னர் பச்சை பிடிக்கிறது! மூன்று, நான்கு மாதங்களில் மெல்லிய முடி எட்டிப்பார்க்கும். ஆறு மாதத்தில் கண்ணுக்குத் தெரியும். முழுப் பலனுக்கு ஓராண்டோ சற்று அதிகமோ ஆகலாம். இடையில் சிறு கொப்புளங்கள் தோன்றலாம். கிள்ளாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். நடாத இடத்திலுள்ள பழைய முடி தன்போக்கில் உதிர்ந்துகொண்டே இருக்கக்கூடும் என்பதால், அதற்கான மருந்தை மருத்துவர் எழுதினால் அவரிடமே விவரம் கேட்டுப் பயன்படுத்தவேண்டும்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் தோழர் ஒருவரும் அடுத்த மாதம் முன்பணம் கட்டப்போவதாகச் சொன்னார். பணம் கட்டுமுன் அவரை அழைத்துவாருங்கள், அந்த மருத்துவரின் பதிவு எண்ணையும் எழுதிக்கொண்டு வரச்சொல்லுங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப்பின் வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்கள்.